அறுத்துக் கட்டுதல்

வினையெச்சம் நடத்திக்கொண்டிருந்தேன். இளங்கலைத் தமிழ் இரண்டாம் ஆண்டு, மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய வகுப்பு. ‘செய்து’ என்னும் வாய்பாட்டுக்கு ஆளுக்கொரு எடுத்துக்காட்டுச் சொல்லுங்கள் என்றேன். வந்து போனான், உண்டு உறங்கினாள், படித்துத் தேறினாள் என்று தூக்கக் கலக்கத்தோடு வந்துகொண்டிருந்தன. கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண், எழுந்து நிற்காமலே, “அறுத்துக் கட்டினாள்” என்றாள்.

வகுப்பு ஒரு நொடி அடங்கி, பிறகு சிரித்தது. எல்லாரும் ஒரே சிரிப்பைச் சிரிக்கவில்லை. சிலர் கெட்ட வார்த்தை கேட்டவர்கள்போல வாயைப் பொத்திக்கொண்டார்கள். நகரத்திலிருந்து வரும் இரண்டு பேருக்குப் பொருளே தெரியவில்லை. பக்கத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு அப்புறம் சிரித்தார்கள். சொன்ன பெண் சிரிக்கவில்லை.

“எடுத்துக்காட்டு சரிதான்” என்று சொல்லிக் கரும்பலகையில் எழுதினேன். அதை என் கையால் எழுதுவது அதுதான் முதல்முறை. முனைவர் பட்ட ஆய்வேட்டில் முந்நூற்றுச் சொச்சம் பக்கம் கைம்மையைப் பற்றி எழுதியவள் நான். அதில் ஓரிடத்திலும் இந்தச் சொல் கிடையாது. எங்கள் வீட்டிலும் கிடையாது. எனக்குப் பன்னிரண்டு வயதானபோது அப்பா அந்தச் சொல்லை வீட்டைவிட்டு வெளியேற்றியிருந்தார்.

தெரியாதவர்களுக்காக: தாலியை அறுத்து, மறுபடி ஒரு தாலி கட்டிக்கொள்வது ‘அறுத்துக் கட்டுதல்’. கணவன் செத்துப்போயிருக்கலாம், அல்லது உயிரோடிருக்கும் கணவனை ஊர்ப் பஞ்சாயத்தில் வைத்து அறுத்துவிட்டிருக்கலாம். இரண்டுக்கும் இதே சொல்தான். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகனில் இதற்குத் தனிப் பதிவு உண்டு. பேச்சுவழக்கில் இதைவிட அதிகம் புழங்கியது ‘அறுத்துக்கட்டுற சாதி’ என்னும் தொடர். ‘அறுத்துக்கட்டாத சாதி’க்காரர்கள் மற்றவர்களைச் சுட்டுவதற்கு வைத்திருந்த அளவுகோல் அது.

சாதிக்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்தப் பெண் என்னைக் கொண்டுபோய் நிறுத்திய இலக்கணத்திலேயே கொஞ்ச நேரம் நிற்க வேண்டும்.

‘செய்து’ என்னும் வாய்பாட்டு எச்சம் தன் வினைமுதலின் வினையையே கொண்டு முடியும் என்பது நம் இலக்கணம். வந்தவன் எவனோ அவனே போனவன். உண்டவள் எவளோ அவளே உறங்கியவள். அந்த விதியை இங்கே வைத்துப் பாருங்கள். அறுத்தவள் எவளோ அவளே கட்டியவள். இரண்டு செயலுக்கும் அவள்தான் வினைமுதல்.

தமிழில் ஒரு பெண்ணின் முதல் கல்யாணத்தைப் பேசும் வினைகளை இதற்குப் பக்கத்தில் வைக்கலாம். ‘கொடுத்தார்கள்’, ‘கட்டிக் கொடுத்தார்கள்’, ‘தள்ளிவிட்டார்கள்’. இவற்றிலெல்லாம் அவள் செயப்படுபொருள். ‘வாழ்க்கைப்பட்டாள்’ என்பதில் எழுவாய் அவள்தான், ஆனால் ஒட்டிக்கொண்டிருக்கும் துணைவினை ‘படு’. அடிபட்டாள், வதைபட்டாள் என்பதில் வருகிற அதே ‘படு’. தாலி கட்டுகிறவன் எப்போதும் அவன். ‘மாமனைக் கட்டிக்கிட்டா’ என்று சொல்வதில்லையா என்றால், சொல்வதுண்டு. ஆனால் அங்கே ‘கொள்’ வந்து கட்டியதை அவள்மேல் வாங்கிக்கொள்ளச் செய்கிறது. ‘கொள்’ இல்லாமல், வெறும் ‘கட்டினாள்’ என்று ஒரு பெண்ணைக் கல்யாணத்தின் வினைமுதலாக்கும் வழக்கு எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். முதல்முறை கட்டப்பட்டவள் இரண்டாம்முறை கட்டுகிறாள்.

இதை நான் கரும்பலகையின் முன் நின்று சொல்லி முடித்ததும், முன்வரிசையில் எப்போதும் என்னை மடக்கும் மாணவி ஒருத்தி கை தூக்கினாள். “மேம், எச்சத்திரிபுன்னு வச்சுக்கிட்டா? ‘ஞாயிறு பட்டு வந்தான்’ மாதிரி. பட்டது ஞாயிறு, வந்தது அவன். அதே மாதிரி அறுத்தது ஊருக்காரங்க, கட்டுனது இன்னொருத்தன்.”

நல்ல கேள்வி. நடப்பு அவள் பக்கம்தான் இருந்தது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். கணவன் இறந்த பதினாறாம் நாளில் தாலியை அந்தப் பெண்ணா அறுத்தாள்? நடுவீட்டில் உட்காரவைத்து, சுற்றிலும் கைம்பெண்கள் நின்று, பூவும் வளையலும் பூட்டி, அவர்கள்தான் கழற்றினார்கள். ஆனால் மொழி என்ன சொல்கிறது? ‘தாலியறுத்தவள்’ என்கிறது. பிறர் அவளுக்குச் செய்ததை அவள் செய்ததாக ஏற்றிவிடுகிறது. ‘அறுதலி’ என்று அதையே வசையாகவும் சுருக்கிவைத்திருக்கிறது. அறுத்ததற்கு மட்டும் அவளைப் பொறுப்பாக்கலாம், கட்டியதற்கு ஆக்கக் கூடாது, அங்கே எச்சத்திரிபு என்று சொல்லிக்கொள்ளலாம் என்றால், அது இலக்கணத்துக்கு வந்த சங்கடம் அல்ல என்றேன். கடைசி வரிசைப் பெண் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

என் அப்பத்தாவின் கதையை அந்த வகுப்பில் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

அப்பத்தாவுக்குச் சிவகங்கைப் பக்கம் ஒரு கண்மாய்க்கரைக் கிராமம். பதினைந்து வயதில் கட்டிக் கொடுத்தார்கள். இரண்டே வருடத்தில் புருஷன் பேதியில் போய்விட்டார். பிள்ளை இல்லை. அவர் அண்ணன் தம்பிகளோடு பாகம் பிரித்துக்கொண்டவர் என்பதால் கண்மாய்க்குக் கீழே இருந்த ஒரு செய் நிலம் அவளுக்கு என்று ஆனது. எங்கள் பக்கம் வயலைச் செய் என்றுதான் சொல்வோம். நான்கு வருடம் அதில் தானே இறங்கி நட்டு, தானே அறுத்தாள். அப்புறம் என் தாத்தாவுக்கு அறுத்துக் கட்டினாள். தாத்தாவுக்கும் அது இரண்டாவது கல்யாணம். முதல் மனைவி ஒரு மகனைப் பெற்றுப்போட்டுவிட்டுப் பிரசவத்திலேயே இறந்திருந்தார். ராத்திரியில், மேளம் இல்லாமல், வீட்டுக்குள்ளேயே நடந்த கல்யாணம்.

இரண்டு பேருக்கும் இரண்டாவது. தாத்தாவுக்கு அதனால் ஒரு பெயரும் வரவில்லை. ‘பொண்டாட்டி செத்தா புது மாப்பிள்ளை’ என்று பழமொழியே அவருக்கு மாலை போட்டுக் காத்திருக்கிறது. அப்பத்தாவுக்கு இரண்டு பெயர் வந்தது. அவள் செய்ததற்காக ‘அறுத்துக்கட்டுனவ’. அவர் செய்ததற்காக ‘ரெண்டாந்தாரம்’. ஆணின் எண்ணிக்கையையும் பெண்ணின்மேல்தான் எழுதுகிறோம். முதல்முறையாகக் கல்யாணம் செய்துகொள்ளும் இருபது வயதுப் பெண்ணையும் மாப்பிள்ளைக்கு இரண்டாவது என்றால் ‘இரண்டாந்தாரம்’ என்றுதானே சொல்கிறோம்.

எனக்குப் பன்னிரண்டு வயதில் பாகப்பிரிவினை வந்தது. தாத்தாவின் மூத்த மனைவி மகன் ஒரு பக்கம், என் அப்பா ஒரு பக்கம். சட்டப்படி இருவருக்கும் சமபங்கு என்பதில் குழப்பமே இல்லை. ஆனாலும் முற்றத்தில் நின்று அந்தப் பக்கத்து உறவினர் ஒருவர், “அறுத்துக்கட்டுனவ மகனுக்கு என்னடா பங்கு?” என்று கத்தினார். அப்பா அரிவாளை எடுக்கப்போய் நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். அன்றிலிருந்துதான் அந்தச் சொல் எங்கள் வீட்டில் இல்லை. அப்பா கோபப்பட்டது தன் அம்மாவை இழிவுபடுத்திவிட்டார்களே என்பதற்காக. அதில் இழிவு இல்லை என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அப்பத்தா இடிப்பதை நிறுத்தவில்லை என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

பின்னால், ஆய்வு மாணவியாகச் சென்னையிலிருந்து விடுமுறைக்குப் போனபோது அப்பத்தா கேட்டாள். “என்னதான் புள்ள படிக்கிற இத்தன வருசமா?”

“புருசன் செத்த பொம்பளைகளப் பத்தி ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தி பாடுன பாட்டு அப்பத்தா.”

“அதுக்கு எதுக்கு ஆத்தா அம்புட்டுத் தொலவு போற?”

அன்றைக்குத்தான் செய் நிலத்தின் கதையைச் சொன்னாள். நீளமான கதையெல்லாம் இல்லை. “அறுத்துக் கட்டுனேன், செய் போச்சு” என்றாள். முதல் புருஷனின் பங்காளிகள் மறுவாரமே ஏர் பூட்டிக்கொண்டு வந்துவிட்டார்களாம். நட்ட நாற்று யாருக்கு என்று கேட்டதற்கு, “நீ யாருக்கு நட்ட?” என்று திருப்பிக் கேட்டார்களாம்.

அது ஊர் அநியாயம் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை, சட்டம். இந்து விதவைகள் மறுமணச் சட்டம், 1856. பள்ளிப் பாடப்புத்தகத்தில் ஈசுவர சந்திர வித்யாசாகர் படத்தோடு, ஒரு வரியில், சீர்திருத்தமாக நாம் படித்த சட்டம். அதன் ஒரு பிரிவு, வயது வந்த விதவையின் மறுமணத்துக்கு அவளுடைய சம்மதமே போதும் என்கிறது. 1856இல் இந்த நாட்டில் ஒரு பெண்ணின் சம்மதத்தைச் சட்டம் இவ்வளவு வெளிப்படையாகச் சொல்லியிருப்பது பெரிய விஷயம். அதே சட்டத்தின் இரண்டாம் பிரிவு, மறுமணம் செய்துகொண்டால் முதல் கணவனின் சொத்தில் அவளுக்கிருந்த உரிமை, அவள் செத்துப்போனதைப் போலவே, முடிந்துவிடும் என்கிறது.

யாருக்காகப் போட்ட சட்டம் இது? மறுமணம் விலக்கப்பட்டிருந்த உயர்சாதிகளுக்காக. அவர்களுக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டு, போகும்போது சொத்தை வைத்துவிட்டுப் போ என்றது. ஆனால் வழக்கப்படியே காலம்காலமாக அறுத்துக் கட்டிக்கொண்டிருந்த பெண்களுக்கு இந்தக் கதவே தேவையில்லை. அவர்களுக்கும் இழப்பு மட்டும் வந்து சேர்ந்தது. 1877இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் முருகாயி எதிர் வீரமாகாளி என்று ஒரு வழக்கு. மறவர் சாதியில் விதவை மறுமணம் வழக்கத்தில் உண்டு. இருந்தும், மறுமணம் செய்துகொண்ட பெண்ணுக்கு இறந்த கணவனின் சொத்தில் உரிமை இல்லை என்று நீதிமன்றம் தீர்த்தது. அலகாபாத் நீதிமன்றம் வேறு வழியில் போனது. வழக்கப்படி மறுமணம் செல்லுபடியாகும் சாதிகளில் சொத்து பறிபோகாது என்றது. சென்னையும் பம்பாயும் அப்படிச் சொல்லவில்லை. அப்பத்தா கங்கைக் கரையில் பிறந்திருந்தால் அந்தச் செய் தப்பியிருக்கலாம்.

இன்னொன்றும் உண்டு, படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. 1880இல் மணிராம் கலிதா எதிர் கேரி கலிதானி என்ற அசாம் வழக்கில் லண்டன் பிரிவி கவுன்சில் ஒரு தீர்ப்புச் சொன்னது. கணவனின் சொத்து ஒருமுறை விதவையின் கைக்கு வந்துவிட்டால், அதற்குப் பிறகு அவள் ‘கற்புத் தவறினாலும்’ அது பறிபோகாது. இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். அப்பத்தா தாத்தாவோடு தாலி இல்லாமல் வாழ்ந்திருந்தால் செய் அவளுடையதாகவே இருந்திருக்கும். ஊரறியக் கட்டியதால் போயிற்று. சட்டத்தைப் பொறுத்தவரை ஒரு விதவை மறைவில் யாரோடு இருந்தாலும் சகித்துக்கொள்ளலாம். இவனைத்தான், இனிமேல் இவனைத்தான் என்று அவள் வெளிப்படையாகச் சொல்வதுதான் தண்டனைக்குரியது.

1956இன் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்த பிறகு கணவனின் சொத்து விதவைக்கு முழு உரிமையாகவே சேர்ந்தது, பின்னால் மறுமணம் செய்துகொண்டாலும் போகாது. ஆனால் அதிலும் 24ஆம் பிரிவு என்று ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. மாமனார் சொத்தில் பங்கு வரவேண்டிய விதவை மருமகள், பங்கு திறக்கும் நாளில் மறுமணமானவளாக இருந்தால் அவளுக்கு இல்லை. 1856இன் சட்டம் 1983இல் நீக்கப்பட்டது. 24ஆம் பிரிவு போவதற்கு 2005 ஆக வேண்டியிருந்தது. அப்பத்தா அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

சாதிக்கு வருகிறேன் என்றேன். எட்கர் தர்ஸ்டனின் ஏழு தொகுதிகளை (1909) புரட்டினால் சாதிக்குச் சாதி, இவர்களிடம் விதவை மணம் உண்டா இல்லையா என்ற குறிப்பு வந்துகொண்டே இருக்கும். உயரம், மூக்கு அளவு, விதவை மணம். கள்ளர் பற்றிய பகுதியில் மணவிலக்குக்குத் துரும்பு கொடுக்கும் வழக்கத்தை அவர் எழுதியிருக்கிறார். சாதியார் முன்னிலையில் ஒரு வைக்கோல் துரும்பைக் கொடுத்தால் விலக்கு. ‘துரும்பு கொடுத்தல்’ என்றால் விலக்குவது, ‘துரும்பு வாங்குதல்’ என்றால் விலகலை ஏற்பது. எவ்வளவு எடையில்லாத பொருளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்று வியந்திருக்கிறேன். வியந்த கையோடு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அறுத்துக்கட்டும் சாதிகளில் பெண்கள் சுதந்திரமாக இருந்தார்கள் என்று பொற்காலம் எழுதுவது எனக்கு உடன்பாடில்லை. விலகும் பெண் பரிசப்பணத்தைத் திருப்ப வேண்டும். பிள்ளைகள் தகப்பன் வீட்டோடு. பஞ்சாயத்தில் உட்கார்ந்தவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். ஒரு கதவு இருந்தது, அவ்வளவுதான். அந்தக் கதவும் குனிந்துதான் போக வேண்டிய கதவு.

அதையும் அடைத்தார்கள். ஒரு சாதி மேலே ஏற நினைக்கும்போது முதலில் தன் பெண்களைத்தான் இறுக்குகிறது. புலாலை விடுவது, பூணூல் போடுவது போன்றவற்றோடு விதவை மணத்தைக் கைவிடுவதும் மேல்நிலையாக்கத்தின் அடையாளம் என்று எம். என். சீனிவாஸ் எழுதினார். பூணூலை எந்த ஆணும் விருப்பத்தோடு போட்டுக்கொள்வான். அதே ஏணிப்படியில் பெண் கொடுக்கும் விலை மீதி ஆயுள். ‘நாங்க அறுத்துக்கட்டுறதில்ல’ என்ற பெருமைப் பேச்சு கிளம்பியது அங்கேதான். என் அப்பா அரிவாளைத் தேடியதும் அந்தப் பெருமை தனக்கு இல்லாமல் போனதால்தான் என்று இப்போது தோன்றுகிறது.

என் சொந்தத் துறையையும் விட்டுவைக்க முடியாது. தொல்காப்பியர் புறத்திணையில் மனைவியை இழந்தவனுக்குத் தபுதார நிலை என்று ஒரு துறை சொல்கிறார், கணவனை இழந்தவளுக்குத் தாபத நிலை. ஆணுக்குத் ‘தாரம் போனது’, பெண்ணுக்குத் ‘தவம்’. பெயரிலேயே வேறுபாடு தெரிகிறது. அவன் இழந்தவன், இழந்ததை மறுபடி பெறலாம். கற்பியலில் ஆணின் பின்முறை வதுவையைப் பற்றியும், வரும் புதியவளை முதல் மனைவி எதிர்கொள்வதைப் பற்றியும் பேசுகிறார். பெண்ணின் பின்முறை வதுவைக்குத் துறை இல்லை. புறநானூற்றில் பூதப்பாண்டியனின் மனைவி பெருங்கோப்பெண்டு தீப்பாயப் போகும்போது, வேளைக்கீரையையும் எள் துவையலையும் தின்று, பாயில்லாமல் பருக்கைக் கல்லில் படுக்கும் கைம்மை எங்களுக்கு வேண்டாம் என்று தடுப்பவர்களிடம் சொல்கிறாள். கல்படுக்கை வேண்டாம் என்றால் மிச்சம் இருப்பது நெருப்பு. பாட்டில் மூன்றாவது வழி கிடையாது. அதே காலத்தில், அரண்மனைக்கு வெளியே, வேறு பெண்கள் வேறென்ன செய்தார்கள் என்று ஆய்வேட்டில் நான் கேட்கவே இல்லை. என் நெறியாளரும் கேட்கவில்லை. அப்பத்தா மட்டும் கேட்டாள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சீர்திருத்தக்காரர்கள் வந்தார்கள். ராஜமுந்திரியில் வீரேசலிங்கம் பந்துலு 1881 டிசம்பரில் முதல் விதவை மணத்தை நடத்தினார். ‘தி இந்து’வைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜி. சுப்பிரமணிய ஐயர், குழந்தையிலேயே விதவையான தன் மகள் சிவப்பிரியாவுக்கு 1889இல் பம்பாயில் மணம் செய்வித்தார். 1909இல் ஈ.வெ.ரா. தன் தங்கை மகளுக்குச் செய்வித்தார். ஊர்விலக்கு, சாதிவிலக்கு எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டார்கள். அவர்களைக் குறைத்துச் சொல்ல எனக்கு எந்தத் தகுதியும் இல்லை. நான் சொல்வது அவர்கள் கொண்டுவந்த சொற்களைப் பற்றி. விதவா விவாகம், புனர்விவாகம், பிறகு தனித்தமிழ்க் காற்றில் மறுமணம். மூன்றும் பெயர்ச்சொற்கள். பெயரை வினையாக்க ஒரு துணை வேண்டும். அந்தத் துணை ‘செய்து வைத்தல்’ என்றே பெரும்பாலும் வருகிறது. ‘விதவைக்கு மறுமணம் செய்து வைத்தார்.’ இந்த வாக்கியத்தில் அவள் நான்காம் வேற்றுமை. மேலே நான் எழுதிய மூன்று வாக்கியங்களையும் மறுபடி பாருங்கள். வேறு எப்படி எழுதுவதென்று எனக்கும் தெரியவில்லை.

இழிவு போயிற்று. கூடவே வினைமுதலும் போயிற்று.

பாரதிக்கு இது பிடிபட்டிருந்தது என்று நினைக்கிறேன். அவர் முடிக்காமல் விட்ட ‘சந்திரிகையின் கதை’யில் விசாலாக்ஷி என்ற விதவையை மறுமணம் செய்துகொள்ளச் சொல்பவள் இன்னொரு பெண், சாகக் கிடக்கும் அவளுடைய அண்ணி. அதன்பின் விசாலாக்ஷி தானே கிளம்பிப் போகிறாள். ஜி. சுப்பிரமணிய ஐயரும் வீரேசலிங்கம் பந்துலுவும் அந்தக் கதைக்குள் பாத்திரங்களாகவே வருகிறார்கள். அவர்கள் அவளைத் தேடி வரவில்லை, அவள்தான் அவர்கள் வாசலுக்குப் போகிறாள். எனக்கு வரன் வேண்டும் என்று கேட்டுப் போகும் ஒரு கைம்பெண்ணை 1920வாக்கில் தமிழில் எழுதியிருப்பது சின்னக் காரியமல்ல. மாணவிகளுக்கு நான் சொல்வேன், கதை முடியாமல் நின்றதைப் பற்றி வருத்தப்படுங்கள், ஆனால் அவள் படியேறிய பகுதிகளை இரண்டுமுறை படியுங்கள் என்று.

இன்று நம் அரசிடம் டாக்டர் தர்மாம்பாள் அம்மையார் நினைவு விதவை மறுமண உதவித் திட்டம் இருக்கிறது. பணத்தோடு தாலிக்குத் தங்கமும் தருகிறார்கள். சித்த மருத்துவரும் சுயமரியாதை இயக்கத் தலைவருமான தர்மாம்பாள் பெயரில் தாலிக்குத் தங்கம்! அவர் இருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நானும் தோழிகளும் சிரித்திருக்கிறோம். ஆனாலும் அந்தத் தங்கத்தால் ஒரு பெண்ணின் கையில் அடகுவைக்க எட்டு கிராம் இருக்கிறது என்றால் இருக்கட்டும்.

என்னைப் பற்றியும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் இதையெல்லாம் எழுதுவது நேர்மையாக இருக்காது. முப்பத்து மூன்று வயதில் விவாகரத்து வாங்கினேன். நாற்பதில் மறுபடி ஒருவரைத் தேர்ந்தேன். 1967இல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தத்தால் இந்துத் திருமணச் சட்டத்தில் சேர்ந்த 7ஏ பிரிவின்படி, நண்பர்கள் முன்னிலையில் ஒருவரை ஒருவர் ஏற்பதாகச் சொல்லி மாலை மாற்றிக்கொண்டோம். அந்தப் பிரிவில் இரண்டு பேருமே எழுவாய். அதற்காகவே அண்ணா அரசுக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் கல்லூரியில் இனிப்புக் கொடுத்தபோது, உடன் வேலை பார்ப்பவர்கள் நல்ல மனத்தோடுதான் கேட்டார்கள், “யார் மேடம் செஞ்சு வச்சாங்க? அண்ணனா?” ஒருவர் கேட்டிருந்தால் மறந்திருப்பேன். நான்கு பேர் கேட்டார்கள். யாரும் செய்து வைக்கவில்லை என்றதும் முகங்களில் ஒரு சின்னச் சங்கடம். ‘மறுமணம்’ என்ற சொல்லுக்குப் பின்னால் யாராவது ஒரு பெரிய மனிதர் நிற்க வேண்டும்போல. நானே நின்றது அந்தச் சொல்லுக்குப் பொருந்தவில்லை.

தமிழில் ‘மறு’ என்பதற்கு அடுத்தது என்று ஒரு பொருள். நிலாவில் தெரியும் கறைக்கும் அதுதான் பெயர். ஒன்றை வேண்டாமென்று சொல்வதும் மறுப்பதுதான். மூன்றும் ஒரு வேரா என்ற ஆராய்ச்சிக்குள் போகவில்லை. ஆனால் மறுமணம் என்று சொல்லும்போது ஊர் கறையை நினைக்கிறது, நான் மறுத்ததை நினைக்கிறேன்.

கடைசி வரிசைப் பெண் அடுத்த வாரம் ஆசிரியர் அறைக்கு வந்தாள். பதிவேட்டில் ஒரு கையெழுத்து வேண்டும் என்று வந்தவள், போகாமல் நின்றாள். “எங்கம்மாவ எங்க சித்தப்பா அப்படித்தான் மேம் சொல்வாரு” என்றாள். அப்பா இறந்து ஆறு வருடம் கழித்து அம்மா கூட வேலை பார்த்தவரைக் கட்டிக்கொண்டாராம். “புது அப்பா நல்லவருதான். ஆனா வீட்ல அந்த வார்த்தையே பேச மாட்டோம். அன்னிக்கு நீங்க போர்டுல எழுதுனீங்கள்ல, அத ஃபோட்டோ எடுத்து அம்மாவுக்குக் காட்டுனேன்.”

“என்ன சொன்னாங்க?”

“‘ஏன்டி, இதையெல்லாமா பாடத்துல வைக்கிறாங்க’ன்னாங்க. அப்புறம், ‘அறுத்தது நான் இல்லடி, கட்டுனது நான்தான்’ன்னாங்க.”

எச்சத்திரிபு கேட்ட மாணவியை அன்று மாலையே கூப்பிட்டு, உன் ஐயம் பாதி சரி என்று சொன்னேன்.

என் அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. என் இரண்டாவது கல்யாணத்துக்கு அவர் வரவில்லை, ஆனால் கோபமும் இல்லை. கேட்கிற உறவினர்களுக்கு என்ன சொல்வது என்பதுதான் அவருடைய கவலை. ஒருநாள் ஃபோனில், “என்னன்னு சொல்லட்டும், நீயே ஒரு வார்த்தை சொல்லு, தமிழ்தான படிச்ச” என்றார்.

“அறுத்துக் கட்டிக்கிட்டான்னு சொல்லுங்கம்மா” என்றேன். சொன்ன பிறகுதான், நானும் ஒரு ‘கொள்’ சேர்த்துவிட்டதைக் கவனித்தேன்.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சிரித்துவிட்டார். “ஒங்க அப்பத்தாவே தேவல. அத எப்படி நாலு பேருகிட்டச் சொல்றது? ‘மேரேஜ் ஆயிருச்சு’ன்னு சொல்லிட்டேன்” என்றார். ஆயிருச்சு. மழை வந்திருச்சு, பொழுது போயிருச்சு என்பதுபோல. இப்போதும் எல்லாரிடமும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.